பாகம் சரி, கட்டியதில் எங்கே கோளாறு? பட்டறை மேசையில் பார்த்தவை (கலந்துரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைப்பெயர்)

பதினேழு நம்பர் ஸ்பானர்

ஃபோர்ஜ்டு பிஸ்டன், ஹெச்-பீம் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு), பெரிய டர்போ எல்லாம் போட்டுக் கட்டிய வண்டி கொஞ்ச நாளிலேயே பட்டறைக்குத் திரும்பி வந்தால், பெரும்பாலும் பாகத்தின் மேல் குற்றம் இருக்காது. அளந்ததில், இறுக்கியதில், ஒட்டியதில் (வெல்டிங்கில்) இருக்கும். பிரித்தபோது என்ன தடயம் கிடைத்தது, அது எதனால் வந்தது, எந்தக் கருவி இருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று எழுதுங்கள். சொந்த வண்டிக் கதை வேண்டாம், எண்ணோடு எழுதினால் போதும்.

டார்க் ரெஞ்சில் (வைத்த திருக்குவிசை, அதாவது டார்க், வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பானர்) ஆரம்பிக்கிறேன். நமக்கு வேண்டியது டார்க் அல்ல, போல்ட்டுக்குள் ஏறும் இழுவிசை. கொடுக்கும் டார்க்கில் ஏறத்தாழ 90 சதவீதம் போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகவே போய்விடுகிறது. மிச்சம் இருக்கிற பத்தில்தான் போல்ட் நீள்கிறது. அதனால் மரையில் என்ன தடவினோம் என்பதே எல்லாவற்றையும் மாற்றிவிடும். மாலி கிரீஸுக்கு (மாலிப்டினம் கலந்த, அதிகம் வழுக்கும் கிரீஸ்) சொன்ன எண்ணை இன்ஜின் ஆயில் தடவி இறுக்கினால் போல்ட் போதிய அளவு நீளாது. ஆயிலுக்குச் சொன்ன எண்ணை கிரீஸ் போட்டு இறுக்கினால் அளவுக்கு மேல் நீண்டுவிடும். ரெஞ்ச் இரண்டு தடவையும் ஒரே மாதிரி 'டிக்' என்றுதான் சொல்லும்.

ராடு போல்ட்டுக்கு ஸ்ட்ரெச் கேஜ்தான் சரி. இறுக்குவதற்கு முன் நீளம், இறுக்கிய பின் நீளம், இரண்டின் வித்தியாசம். பல பந்தய ராடு போல்ட்டுகளுக்கு இது 0.13 முதல் 0.18 மி.மீ.க்குள் வரும். ஆனால் பெட்டிக்குள் வரும் தாளில் இருக்கும் எண்தான் கணக்கு. ஒவ்வொரு போல்ட்டின் ஆரம்ப நீளத்தையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை கழற்றும்போது 0.025 மி.மீ. நிரந்தரமாக நீண்டிருந்தால் அந்தப் போல்ட் குப்பைக்கு.

இன்னொன்று, கை நுழையாத இடத்துக்குப் போடும் காக்கைக்கால் அடாப்டர். அதை ரெஞ்சுக்கு நேர்கோட்டில் போட்டால் கைநீளம் கூடிவிடும். ரெஞ்ச் 400 மி.மீ., அடாப்டர் 50 மி.மீ., வேண்டியது 90 நியூட்டன் மீட்டர் என்றால் வைக்க வேண்டியது 90 × 400 ÷ 450, அதாவது 80. அடாப்டரை 90 டிகிரி திருப்பிப் போட்டால் கணக்கே வேண்டாம்.

போர் கேஜ்

பேரிங் இடைவெளியில் அதிகம் பேர் ஏமாறுவது கழித்தலில். ஜர்னலை (பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் உருளைப் பகுதி) மைக்ரோமீட்டரில் அளந்து, பேரிங் துளையை வேறு கருவியில் அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரண்டு கருவியின் பிழையும் விடைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். செய்ய வேண்டியது இது: மைக்ரோமீட்டரை ஜர்னலின் அளவில் பூட்டி, அந்த வாய்க்குள்ளேயே டயல் போர் கேஜை (துளையின் உள்விட்டம் பார்க்கும் முள் கருவி) வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். பிறகு கேஜைத் துளைக்குள் விட்டால் முள் காட்டுவதே நேரடியாக இடைவெளி. மைக்ரோமீட்டரின் பிழை அங்கேயே கழிந்துவிடுகிறது.

கேப்பை (பேரிங்கை மூடிப் பிடிக்கும் பாதி) எந்த ஆயில் போட்டு எந்த டார்க்கில் கடைசியாக இறுக்கப் போகிறீர்களோ, அப்படியே இறுக்கித்தான் அளக்க வேண்டும். கேப் சேரும் கோட்டுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். அந்தக் கோட்டருகே பேரிங்கின் தகட்டை வேண்டுமென்றே மெலிதாகத்தான் செய்கிறார்கள். அங்கே அளந்தால் இடைவெளி தாராளமாகத் தெரியும், நடுவில் கிராங்க் பிடித்துக்கொண்டிருக்கும்.

எவ்வளவு வேண்டும் என்றால், பழைய கைக்கணக்கு ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 55 மி.மீ. ஜர்னலுக்கு 0.055 மி.மீ. அதிகச் சுழற்சி, அதிக பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) என்றால் அதிலிருந்து கொஞ்சம் மேலே போவார்கள். மெழுகு நூல் வைத்து நசுக்கிப் பார்க்கும் முறை மறுபரிசோதனைக்கு நல்லது, அதை மட்டும் நம்பிக் கட்டுவது சரியில்லை. நூல் இருக்கும்போது கிராங்கைத் துளி சுற்றினாலும் நூல் இழுபட்டு அளவு பொய்யாகிவிடும்.

வெப்பநிலையை யாரும் பேசுவதில்லை. நீள அளவுக்கு 20 டிகிரி செல்சியஸ்தான் அடிப்படை என்று 1931 இலேயே உலக அளவில் முடிவாகிவிட்டது. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.023 மி.மீ. விரியும். 86 மி.மீ. பிஸ்டனை 10 டிகிரி கூடுதல் சூட்டில் அளந்தால் 0.02 மி.மீ. பெரிதாகக் காட்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் விடுவதே 0.08 என்றால், அதில் கால்வாசி காற்றோடு போச்சு. பிளாக்கும் பிஸ்டனும் மைக்ரோமீட்டரும் முந்தின இரவே ஒரே அறையில் கிடக்க வேண்டும். மைக்ரோமீட்டரை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்து அளப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சோப்புக்கட்டி

பிஸ்டன் ரிங் வாய் இடைவெளி பற்றிக் கேட்கிறேன். கூடுதலாக விட்டால் கம்ப்ரஷன் ஒழுகாதா?

போர் கேஜ்

கொஞ்சம் ஒழுகும், அவ்வளவுதான். குறைவாக விட்டால் நடப்பது வேறு. ரிங் சூட்டில் நீண்டு இரண்டு நுனியும் முட்டும். போக இடமில்லாமல் சுவரில் அழுந்தும், பிஸ்டனின் மேல்பட்டையைப் பிய்த்துக்கொண்டு வரும். பிரித்தால் ரிங் நுனிகள் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அந்தப் பளபளப்பைப் பார்த்தால் வேறு விசாரணையே தேவையில்லை.

மேல் ரிங்குக்குச் சாதாரண இன்ஜினில் போர் (சிலிண்டர் துளை) விட்டத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு, டர்போவில் ஆறு பங்கு வரை. 86 மி.மீ. போருக்கு 0.34 மி.மீ., டர்போவுக்கு 0.52 மி.மீ. ரிங் தயாரிப்பாளர் வேறு சொன்னால் அவர் சொல்வதே சட்டம். ரிங்கைப் பிஸ்டன் தலையால் தள்ளி நேராக உட்காரவைத்துத்தான் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட வேண்டும். சாய்ந்திருந்தால் அளவு தப்பு. அரத்தை ரிங்கின் வெளிமுகத்திலிருந்து உள்நோக்கி மட்டும் இழுங்கள். மறுபடி வெளியே இழுத்தால் முகத்திலிருக்கும் பூச்சு சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும். கடைசியாகப் பிசிறை மெல்லிய கல்லில் தடவி எடுத்து, நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டக் கூடாது.

ஹோனிங் (சிலிண்டர் துளையைக் கல்லால் தேய்த்து வட்டமாக்குவது) செய்யும்போது டார்க் பிளேட் போட்டுச் செய்தார்களா என்பதையும் கேட்டு வாங்குங்கள். ஹெட் போல்ட்டை இறுக்கினால் போர் வட்டம் குலைகிறது. தடித்த தகட்டை அதே கேஸ்கெட், அதே போல்ட், அதே டார்க்கில் பூட்டி, குலைந்த நிலையிலேயே வட்டமாக்குவதுதான் அந்த வேலை. தகடு இல்லாமல் செய்தால் மேசையில் வட்டம், வண்டியில் முட்டை.

மீன்வாய்

ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) வேலை செய்பவன் கோணத்திலிருந்து. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி 253 படி நாமே கட்டும் கூண்டின் முதன்மை வளையத்துக்கு (இருக்கைக்குப் பின்னால் நிற்பது), தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீல் குழாய், 45 × 2.5 அல்லது 50 × 2.0 மி.மீ. மற்றவற்றுக்கு 38 × 2.5 அல்லது 40 × 2.0. குழாயை வளைக்கும் இடத்தின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. வளைத்த இடத்தில் குழாய் நசுங்கியிருந்தால், சிறிய விட்டத்தைப் பெரிய விட்டத்தால் வகுக்க 0.9 ஆவது வர வேண்டும். ஒரு வெர்னியர் போதும் பார்க்க. ஆனால் பார்ப்பவர் குறைவு.

இரண்டு குழாய் சேரும் இடத்தை மீன்வாய் மாதிரி வெட்டுகிறோம். அந்த வாய் கையால் வைத்தவுடன் வெளிச்சம் தெரியாமல் உட்கார வேண்டும். இரண்டு மூன்று மி.மீ. இடைவெளியைக் கம்பியால் நிரப்பி மேலே அழகாக மணி மணியாக ஓட்டியிருப்பார்கள். அறுத்துப் பார்த்தால் உள்ளே வேர் பிடித்திருக்காது. நிரப்பிய இடம் ஆறும்போது அதிகம் சுருங்கிக் கூண்டையும் இழுத்துவிடும்.

கூரைக்கு ஒட்டி இருக்கும் மூட்டுகள்தான் சோதனை. மேல்பக்கம் வெல்டிங் டார்ச் போகாது, அதனால் கீழ்ப்பாதியை மட்டும் ஒட்டிவிட்டு வர்ணம் அடித்துவிடுகிறார்கள். கண்ணாடி வைத்துப் பார்த்தால் மேலே அரைவட்டம் வெறுமனே இருக்கும். சரியான வழி: எல்லாவற்றையும் புள்ளிப் புள்ளியாக ஒட்டி நிறுத்துங்கள். கூண்டின் கால்கள் நிற்கும் இடத்தில் தரைத்தகட்டில் துளை போட்டு, கூண்டை அந்தத் துளை வழியே கீழே இறக்குங்கள். இப்போது கூரைக்கும் மூட்டுக்கும் நடுவே இடம் கிடைக்கும். மூட்டைச் சுற்றி முழு வட்டம் ஒட்டிவிட்டு, கூண்டைத் தூக்கி, காலுக்கடியில் பலகைத்தகடு வைத்து மூடுங்கள். அந்தத் தகடு குறைந்தது 3 மி.மீ. தடிமன், 120 சதுர செ.மீ. பரப்பு.

இதை எழுதாமல் விட முடியாது. ஒட்டப்போகும் இடத்தைக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைக்காதீர்கள். ஆர்க் வெளிச்சமும் சூடும் பட்டால் அதிலிருந்து பாஸ்ஜீன் வாயு உண்டாகும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. அசிட்டோன் போதும், அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகு.

தகரக்கை

அலுமினியத் தகடு வேலையில் ஓரத்தில் விரிசல் வந்தால் இரண்டு காரணம்தான் முதலில் பார்ப்பேன். ஒன்று, 6061-டி6 தகட்டைக் கூராக மடித்திருப்பார்கள். அது மடிக்கப் பிறந்ததல்ல. டக்ட் (காற்றுக் குழல்), தடுப்புத்தகடுக்கு 3003 அல்லது 5052 எடுங்கள். இன்னொன்று, ஓரத்துப் பிசிறைத் தேய்க்காமல் தகட்டை வளைக்கும் சக்கரத்தில் விட்டிருப்பார்கள். விரிசல் பிசிறிலிருந்துதான் புறப்படும்.

தட்டத் தட்டத் தகடு இறுகும். சுத்தியின் சத்தம் மந்தமாக இருந்தது 'கிண்' என்று மாறினால் நிறுத்துங்கள். துணி சோப்பை ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கம் தீயை நகர்த்திக்கொண்டே காட்டுங்கள். சோப்புக் கோடு கறுத்தவுடன் தீயை எடுத்துவிடுங்கள், தகடு மறுபடி இளகிவிட்டது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதற்கு முன் சிவந்து எச்சரிக்கை எல்லாம் தராது. சோப்பு மட்டும்தான் எச்சரிக்கை.

சாமணம்

"உச்சச் சுழற்சியில் கலவை மெலிகிறது (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வரவில்லை), எரிபொருள் பம்ப் மாற்றியும் போகவில்லை" என்று வரும் வண்டிகளில் பம்பைத் தொடுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். இன்ஜின் ஓடி, பம்ப் முழு வேகத்தில் இருக்கும்போது பேட்டரி பாசிட்டிவிலிருந்து பம்ப் பாசிட்டிவ் வரை ஒரு அளவு, பம்ப் நெகட்டிவிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை இன்னொரு அளவு. எந்தப் பக்கமாவது அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் அந்தப் பாதையில்தான் வில்லங்கம். வோல்ட் குறைந்தால் பம்ப் தள்ளும் பெட்ரோல் குறையும். எர்த் பக்கத்தை யாரும் அளப்பதில்லை, கோளாறு அங்கேயே ஒளிந்திருக்கும். வர்ணத்தின் மேலேயே போல்ட் போட்டிருப்பார்கள்.

இன்ஜின் பக்கத்து ஒயரில் ஈயம் வைத்து ஒட்டாதீர்கள். ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறி நிற்கும் இடத்தில் ஒயர் கம்பி மாதிரி விறைத்துவிடும். அதிர்வில் அந்த எல்லையிலேயே ஒடியும், உறை முழுசாக இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. சரியான அச்சுள்ள கிரிம்பர் (டெர்மினலை ஒயர்மேல் நசுக்கிப் பிடிக்கவைக்கும் கருவி) போதும். டெர்மினலின் ஒரு ஜோடிச் சிறகு செம்பைப் பிடிக்க, இன்னொரு ஜோடி உறையைப் பிடிக்க. செம்பை மட்டும் பிடித்தால் குலுங்கலின் சுமை முழுவதும் இழைமேல் விழும்.

ரசமட்டம்

மூலை எடை (ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் விழும் எடை) பார்க்கும்போது தராசுப் பலகை நான்கும் ஒரு மி.மீ.க்குள் சமமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டயர் காற்று சரியாக, ஓட்டுநர் எடைக்கு இருக்கையில் மூட்டை, ஆன்டி-ரோல் பார் (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) கழற்றியபடி. உதாரணம்: முன் இடது 310, முன் வலது 290, பின் இடது 240, பின் வலது 260 கிலோ. முன் வலதும் பின் இடதும் கூட்டினால் 530, மொத்தம் 1100, அதாவது 48.2 சதவீதம். 50க்குக் கொண்டுவர முன் வலதையோ பின் இடதையோ கொஞ்சம் உயர்த்த வேண்டும். ஒரு மூலையை உயர்த்தினால் அந்த மூலையிலும் மூலைவிட்டத்தில் அதற்கு எதிரே இருக்கும் மூலையிலும் எடை ஏறும். ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டி உட்காரவிட்டால்தான் எண் நம்பும்படி இருக்கும். கடைசியில் பாரை மாட்டும்போது, மூட்டை இருக்கையில் இருக்கும்போதே, லிங்க் (பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் துண்டு) போல்ட் கையால் நுழையும் நீளத்துக்கு லிங்கைத் திருகுங்கள். தட்டி நுழைத்தால் செய்த வேலை எல்லாம் வீண்.

பதினேழு நம்பர் ஸ்பானர்

போர் கேஜ் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இடைவெளி சரி, ஆயில் அழுத்தமும் சரி, ஆனால் பேரிங்கில் வட்டத்தைச் சுற்றிக் கோடு கோடாகக் கீறல், நடுவில் பொட்டுப் பொட்டாக ஏதோ பதிந்திருக்கிறது என்றால், புதிதாகப் போட்ட ஆயில் குழாயைப் பாருங்கள். ஸ்டீல் வலை சுற்றிய குழாயை வெட்டுச் சக்கரத்தில் அறுக்கும்போது கருகிய ரப்பரும் வலைத்துணுக்கும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். வெட்டும் இடத்தில் டேப்பை இறுக்கிச் சுற்றி, டேப் நடுவே அறுத்து, இரண்டு முனையிலிருந்தும் கிளீனர் பீச்சி, வெள்ளைத்துணி உருண்டையைக் காற்றழுத்தத்தில் குழாய்க்குள் ஓட்டுங்கள். உருண்டை வெள்ளையாகவே வெளியே வரும் வரை, அது நான்கு தடவையோ பத்துத் தடவையோ, ஃபிட்டிங்கைக் கையில் எடுக்காதீர்கள்.