புதுப்பிப்பு: மொய் நோட்டும் பிபிஎஃப் கணக்கும்

போன மாதம் எழுதியிருந்தேன்: நான் உசிலம்பட்டிப் பக்கம், கணவர் புனேக்காரர். நான் செய்யும் மொய் அவருக்கு வீண்செலவு. 15 வருடம் முடங்கும் அவருடைய பிபிஎஃப் (அரசின் நீண்டகாலச் சேமிப்புக் கணக்கு) எனக்குக் கைக்கு எட்டாத பணம். அதில்தான் சண்டை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் மொய் நோட்டை அவர் முன்னால் விரித்தேன். ஓரம் கிழிந்து, எண்ணெய்க்கறை படிந்த நோட்டு. அம்மா 501 செய்த வீட்டார், என் கல்யாணத்தில் 2,001 செய்திருந்தார்கள். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். "இது சேமிப்புதானே!" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, இப்போதைய ஏற்பாடு: மொய்க்கு மாதம் 2,000 தனியாக. என் பெயரிலும் பிபிஎஃப் தொடங்கியாயிற்று; 5ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி கணக்கில் வருமாம், அதை அவர்தான் நினைவுபடுத்துகிறார். நகையை மட்டும் விற்க மாட்டேன். ஆத்திர அவசரத்துக்கு அடகு வைக்க அதுதான் கைகொடுக்கும்.