பெர்லின் விழாவின் ஜெனரேஷன் பிரிவு: 14 வயது மகளுக்கு எந்தப் படம்?

கேள்வி – வெயிலுகந்தான்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மதுரையிலிருந்து பெர்லினுக்குக் குடிவந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. என் மகளுக்கு ஜனவரியில் 14 வயது நிறைகிறது, மகனுக்கு 9. பிப்ரவரியில் நடைபெறும் பெர்லின் சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறாருக்கும் இளையோருக்கும் தனிப் பிரிவு உண்டென்று தெரிந்து, இருவரையும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அதில் சிறாருக்கான கேபிளஸ், பதின்பருவத்தினருக்கான 14பிளஸ் என இரண்டு கிளைகள் இருக்கின்றன. மகள் 14பிளஸ் படங்களையே பார்ப்பேன் என்கிறாள். முந்தைய ஆண்டுகளின் கதைச் சுருக்கங்களைப் படித்தபோது தற்கொலை, உணவை மறுக்கும் நோய், வீட்டுக்குள் அடி உதை என்றே பெரும்பாலும் இருந்ததால் மனம் சற்றுத் தயங்குகிறது. சிறுவர் படம் என்றால் நாம் பார்த்து வளர்ந்தவை வேறு. இவை உண்மையில் பிள்ளைகளுக்காக எடுக்கப்படுகின்றனவா, அல்லது பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்களுக்காக எடுக்கப்படுகின்றனவா? நேரில் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – நாலாவது வரிசை

வணக்கம் ஐயா. பல ஆண்டுகளாக இப்பிரிவின் படங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன்; எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1978இல் ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கான சினிமா என்ற பெயரில் தொடங்கிய முயற்சி இது. பதின்பருவத்தினருக்கான 14பிளஸ் போட்டி 2004இல் சேர்ந்தது; இரண்டும் ஜெனரேஷன் என்ற ஒரே பெயரின் கீழ் வந்தது 2007இல். ஒவ்வொரு படத்துக்கும் எந்த வயதிலிருந்து பார்க்கலாம் என்ற பரிந்துரை நிகழ்ச்சி நிரலிலேயே இருக்கும். கேபிளஸ், 14பிளஸ் என்ற பிரிவைவிட அந்த எண்ணையே நீங்கள் நம்ப வேண்டும், ஏனெனில் கேபிளஸிலும் 9 வயதுப் பிள்ளைக்குக் கனமாக இருக்கக்கூடிய படங்கள் உண்டு.

உங்கள் கேள்விக்கு நேரான பதிலை விருதுப் பட்டியலில் காணலாம். கேபிளஸ் படங்களை இரண்டு நடுவர் குழுக்கள் பார்க்கின்றன. ஒன்று பெரியவர்களைக் கொண்ட சர்வதேசக் குழு. மற்றொன்று 11 முதல் 14 வயதுக்குட்பட்ட 11 சிறுவர் சிறுமியரைக் கொண்டது. முந்தைய ஆண்டு விழாவில் படம் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் நிரப்பிக் கொடுத்த கேள்வித்தாள்களைக் கொண்டே இக்குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கண்ணாடிக் கரடி என்ற விருதைக் கொடுப்பவர்கள் இந்தப் பிள்ளைகள்தாம்.

2015ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் முதன்மை விருது நாகேஷ் குக்குனூரின் 'தனக்' படத்துக்குப் போனது. பார்வையற்ற தம்பியை அழைத்துக்கொண்டு ராஜஸ்தான் பாலைவனத்தின் வழியே ஷாருக் கானைத் தேடிச் செல்லும் அக்காவின் கதை அது. நெஞ்சை நிறைக்கும் படம். அதே ஆண்டில் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தது சானா லென்கென் இயக்கிய 'மை ஸ்கின்னி சிஸ்டர்' என்ற சுவீடன் நாட்டுப் படத்தை. பனிச்சறுக்கு நடனம் ஆடும் அக்கா ரகசியமாக உணவைத் துறந்து நலிந்துகொண்டிருப்பதைத் தங்கை கண்டுபிடித்துவிடுகிறாள். 2022இலும் இதே கதைதான். பெரியவர்கள் அயர்லாந்தின் 'ஆன் கலீன் கியூன்' படத்துக்கு விருதளிக்க, பிள்ளைகள் மீண்டும் லென்கெனிடமே போனார்கள். தாய் தன் உயிரை மாய்த்துக்கொண்டபின், அப்பாவைச் சிரிக்க வைப்பதற்காக மேடை நகைச்சுவைக் கலைஞராவேன் என்று முடிவெடுக்கும் சிறுமியைப் பற்றிய 'காமெடி குயீன்' அது. நாம் எதைப் பார்த்து அஞ்சிப் பிள்ளைகளின் கண்களைப் பொத்துகிறோமோ, அதைத்தான் அவர்கள் தேடிப் பார்த்துக் கைதட்டியிருக்கிறார்கள்.

14பிளஸ் பிரிவில் ஒரே ஒரு படம் சொல்ல வேண்டுமென்றால் கிம் போரா இயக்கிய 'ஹவுஸ் ஆஃப் ஹம்மிங்பேர்ட்' படத்தைச் சொல்வேன். 2019இல் அப்பிரிவின் சர்வதேச நடுவர் குழு முதன்மை விருது கொடுத்தது. 1994ஆம் ஆண்டின் சியோல் நகரம். உங்கள் மகளின் வயதொத்த ஒரு மாணவி. வீட்டில் அண்ணன் அடிக்கிறான், பெற்றோர் அதை அண்ணன் தங்கைச் சண்டை என்று கடந்துவிடுகிறார்கள். சீன எழுத்துகளைக் கற்பிக்கும் தனிப்பயிற்சி ஆசிரியை ஒருத்திதான் அவளை ஒரு முழு ஆளாக மதித்துப் பேசுகிறாள். அவ்வாண்டு அக்டோபரில் உண்மையாகவே இடிந்து விழுந்த சோங்சு பாலம் கதையின் உள்ளே வரும் இடத்தில் திரையரங்கில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அதே ஆண்டு அதே பிரிவில் ரீமா தாஸின் அசாமியப் படமான 'புல்புல் கேன் சிங்' சிறப்புப் பாராட்டைப் பெற்றது. இதைப் பார்ப்பதென்றால் மகளுடன் நீங்களும் போங்கள், ஏனென்றால் ஊரார் நடத்தும் ஒழுக்க விசாரணை பதின்பருவப் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அது ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது.

பதில் 2 – பழைய புரொஜெக்டர்

முந்தைய பதிலை மதிக்கிறேன். முழுவதும் உடன்பட முடியவில்லை. திரைப்படச் சங்கம் ஒன்றில் நெடுங்காலம் மாணவர்களுக்குப் படம் காட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: விழாக்களில் கொண்டாடப்படும் வளரிளம் பருவப் படங்களில் கணிசமானவை இயக்குநர் தம் பால்யத்தை எண்ணி ஏங்குபவை. 'ஹவுஸ் ஆஃப் ஹம்மிங்பேர்ட்' 1994இல் நடக்கிறது, 'ஆன் கலீன் கியூன்' 1981இன் கோடையில் நடக்கிறது. கைப்பேசி இல்லாத அந்த உலகத்தின் அமைதி நமக்கு இனிக்கிறது. இன்று 14 வயதில் இருக்கும் பிள்ளைக்கு அது ஏன் இனிக்க வேண்டும்? நான் காட்டிய படங்களில் பிள்ளைகள் நெளிந்த காட்சிகளெல்லாம் ஜன்னலோரம் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சிகள்தாம்.

சொல் பற்றியும் ஒன்று. இவ்வகைப் படங்களை ஆங்கிலத்தில் 'கமிங் ஆஃப் ஏஜ்', அதாவது வயதுக்கு வருதல், என்பார்கள். வயதுக்கு வருதல் என்று நம் வீடுகளில் சொன்னால் அது பெண்பிள்ளைக்கு மட்டும், அதுவும் ஒரே நாளில் நடந்து, தட்டு வரிசையுடன் ஊருக்கு அறிவிக்கப்படும் நிகழ்ச்சி. ஆண்பிள்ளை எப்போது வயதுக்கு வருகிறான் என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் படங்களின் பெரிய பலம், பந்தல் போடாமல், யாருக்கும் சொல்லாமல், மாதக்கணக்கில் உள்ளே நடக்கும் அந்த வளர்ச்சியை இருபாலாருக்கும் பொதுவாக வைப்பது. அதனால் மகனையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

பதில் 3 – இரண்டு பிள்ளைக்காரி

நடைமுறைச் செய்தி மட்டும். கேபிளஸ் காட்சிகளில் படம் மூலமொழியில் ஓடும், ஆங்கில வசன வரிகள் இருக்கும், அதோடு ஜெர்மன் மொழிபெயர்ப்பை ஒருவர் அரங்கிலேயே ஒலிவாங்கியில் நேரடியாக வாசிப்பார். பாட்டி, பேரன், வில்லன் எல்லாருக்கும் ஒரே குரல். முதல் பத்து நிமிடம் விசித்திரமாக இருக்கும். பிறகு ஊரில் கதை கேட்பதுபோல் பழகிவிடும். அந்தக் குரலுக்கு அடியில் மூலமொழியின் ஒலியும் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் என் சின்னவன் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் மங்கோலிய மொழி பேசுவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். 14பிளஸில் வசன வரிகள்தாம்.

படம் முடிந்தவுடன் எழுந்து ஓடிவிடாதீர்கள். படக்குழுவினர் வந்திருந்தால் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். ஒருமுறை கிராமத்துப் படம் ஒன்றின் இயக்குநர் தம் நிலக்காட்சிகளைப் பற்றி அழகாகப் பேசி முடித்தார். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி ஒலிவாங்கியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஆட்டை உண்மையிலேயே கொன்றீர்களா என்று கேட்டாள். அரங்கம் முழுவதும் அதற்காகவே காத்திருந்தது போலிருந்தது.

பதில் 4 – நாலாவது வரிசை

பழைய புரொஜெக்டர் ஐயாவுக்கு: ஏக்கம் பற்றிய உங்கள் ஐயத்தில் நியாயம் உண்டு. ஆனால் 2022இல் அந்த 11 பிள்ளைகளும் 'ஆன் கலீன் கியூன்' படத்துக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பகுதி ஐரிஷ் மொழியில் பேசும் மெதுவான படம். பேசாத மடந்தையான ஒன்பது வயதுச் சிறுமியைக் கோடைக்காலம் முடியும்வரை உறவினர் வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அவளிடம் முகங்கொடுத்துப் பேசாத அந்த வீட்டுக்காரர், ஒருநாள் கடந்து போகும்போது மேசைமேல் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார். அவ்வளவுதான் காட்சி. அது தனக்கான மன்னிப்பு என்பது எந்தப் பிள்ளைக்கும் புரியும்; கைப்பேசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுப் பெரியவர்கள் மன்னிப்புக் கேட்கும் விதம் பெரிதாக மாறிவிடவில்லை.

வெயிலுகந்தான் – மீண்டும்

எல்லாருக்கும் நன்றி. பிப்ரவரி வரை காத்திராமல் 'மை ஸ்கின்னி சிஸ்டர்' படத்தை நேற்று மகளுடன் வீட்டில் பார்த்தேன். அக்காவின் நோயைத் தங்கை பெற்றோரிடம் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம், தங்கையின் ரகசியம் ஒன்று அக்காவிடம் பிணையாக இருப்பதுதான். அந்த இடத்தில் நான், ஏன் இவள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று எரிச்சலுடன் சொன்னேன். மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதப்பா என்றாள். யாருக்கு நடந்ததைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. படம் முடிந்து வெகுநேரம் கழித்து, அவளே சமையலறைக்கு வந்து வகுப்புத் தோழி ஒருத்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். பேச்சு முடியும்போது மணி பதினொன்று.

நிகழ்ச்சி நிரல் வெளியானதும் மகனுக்குக் கேபிளஸில் ஒரு படம், மகளுக்கு 14பிளஸில் இரண்டு என்று எடுக்கப்போகிறேன். இரண்டில் ஒன்றுக்கு நான் உடன் வரலாமாம். ஆனால் அவள் தோழியுடன் வேறு வரிசையில் உட்கார்ந்துகொள்வாளாம்.