690-ஆ, 500-ஆ? ஐம்பது மீட்டர் ரைஃபிளுக்கு பேரல் நீளம்: சுட்டவர்கள் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து கேட்கிறேன்:
கிளப் ரைஃபிளில் சுட்டுவந்த என் தங்கை சொந்தமாக .22 வாங்கப்போகிறாள். ஐம்பது மீட்டர், மூன்று நிலை (மண்டியிட்டு, படுத்து, நின்று சுடுவது). 690 மி.மீ. பேரலும் கிடைக்கிறது. 500 மி.மீ. பேரலுக்கு முன்னால் வெறும் குழாய் மாட்டியதும் கிடைக்கிறது. நீளம் கூடினால் குறி கூடும் என்கிறார்கள் சிலர். உண்மையா?

சென்னை, மூன்று நிலை சுடுபவர்:
தம்பி, வேகத்தைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். .22 தோட்டாவில் இருக்கும் வெடிமருந்து கொஞ்சம்தான். ஏறக்குறைய 40-45 செ.மீ.க்குள் அது செய்யவேண்டியதைச் செய்து முடித்துவிடும். அதற்குமேல் பேரல் நீண்டால் உராய்வுதான் மிச்சம். மேட்ச் தோட்டா, அதாவது போட்டித் தோட்டா, நொடிக்குச் சுமார் 325 மீட்டர், அதாவது ஒலியைவிடக் குறைந்த வேகத்தில் போகும்படிதான் செய்யப்படுகிறது. 500-இல் சுட்டதா, 690-இல் சுட்டதா என்று டார்கெட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நான் இரண்டிலும் பல வருடம் சுட்டிருக்கிறேன். ப்ரோனில், அதாவது படுத்துச் சுடும்போது, 690 சுகமாக இருந்தது. கையில் மாட்டும் ஸ்லிங் வார் எடையைத் தாங்கிக்கொள்ளும், முன்பாரம் ரைஃபிளை அடக்கி வைக்கும். ஸ்டாண்டிங்கில், நின்று சுடும்போதுதான் தொல்லை. தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கும். பாதித் தோட்டா முடிந்ததும் இடுப்பெலும்பில் ஊன்றிய இடது முழங்கை மெல்ல வழுக்கும். டயாப்டர் (சிறு துளையுள்ள பின்சைட்) வழியாகப் பார்த்தால் முன்சைட்டின் வளையம் டார்கெட்டின் கறுப்பு வட்டத்துக்குக் கீழே, ஆறு மணிப் பக்கம் இறங்கிக்கொண்டே போகும். அதைத் தோளால் தூக்கிப் பிடிக்க ஆரம்பித்தால் அன்றைய ஸ்கோர் போச்சு.

500-க்கு மாறியதும் அந்த இறக்கம் நின்றது. ஆனால் முன்பக்கம் லேசானதால் சின்ன அதிர்வுகூட வளையத்தில் தெரிந்தது. குழாயில் சிறு எடைகளை மாட்டி, ஒவ்வொன்றாக முன்னும் பின்னும் நகர்த்தித்தான் அமைதி வந்தது. குட்டை பேரலின் பெரிய வசதியே இதுதான்: எடையை எங்கே வைப்பது என்பது உங்கள் கையில். மொத்தம் 8 கிலோவைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, குண்டு பேரலுக்குள் இருக்கும் நேரம். 19 செ.மீ. குறைந்தால் மிச்சமாவது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, 0.6 மில்லிசெகண்டு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஸ்டாண்டிங்கில் துப்பாக்கி எப்போதும் அசைந்துகொண்டேதான் இருக்கிறது, குண்டு சீக்கிரம் வெளியேறுவது நல்லதுதான்.

அந்தக் குழாய் அலங்காரம் இல்லை. முன்சைட்டை முன்னே தள்ளத்தான் அது. சைட்டுகளுக்கு நடுவே 80 செ.மீ. இருக்கும்போது முன்சைட் 0.1 மி.மீ. விலகினால் ஐம்பது மீட்டரில் 6 மி.மீ.க்கு மேல் தள்ளிப்போகும். ஒரு மீட்டர் இருந்தால் 5 மி.மீ. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான், யோசித்துப் பாருங்கள். ஏர் ரைஃபிளில் பின்முனையிலிருந்து மஸில் (பேரலின் வாய்) வரை 850 மி.மீ. என்று விதியே கட்டிப்போட்டுவிட்டது. .22-இல் நமக்குக் கொஞ்சம் சுதந்திரம் இருக்கிறது. ஆனால் சைட் தள்ளிப்போகப் போக வளையம் கண்ணுக்குச் சிறுத்துத் தெரியும். முன்சைட்டுக்குள் இருக்கும் அந்த வளையத்தை ஒரு சுற்று பெரிதாக மாற்றவேண்டி வரலாம்.

இங்கிலாந்து, சரே:
நீளம் கூடினால் நல்லது என்ற பேச்சு எங்கள் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என நினைக்கிறேன். நான் பிஸ்லி சுடுதளத்தில் ஃபுல்போர், அதாவது .22-ஐவிடப் பெரிய துளை ரைஃபிள், சுடுகிறேன். ஸ்டிக்கிள்டவுன் ரேஞ்சில் 1000 கெஜம், .308, 155 கிரெய்ன் குண்டு. அங்கே நீளம்தான் உயிர். டார்கெட்டைத் தொடும்வரை குண்டு ஒலியைவிட வேகமாக இருந்தாகவேண்டும். வழியில் அந்த எல்லைக்குக் கீழே இறங்கினால் தடுமாறும், சில குண்டுகள் டார்கெட்டில் பக்கவாட்டாகக்கூட விழும். ஆகவே 30 அங்குல பேரல் எங்களுக்குச் சாதாரணம். ஓர் அங்குலம் கூடினால் நொடிக்கு ஆறேழு மீட்டர் கிடைக்கும். அதோடு நாங்கள் சுடுவது படுத்துக்கொண்டு மட்டும்தான், முன்பாரம் யாரையும் வருத்துவதில்லை. உங்கள் தங்கைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

கோவை, ரைஃபிள் பராமரிப்பில் இருப்பவர்:
முக்கியமான ஒன்று. 690 வாங்கி, பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி, பேரலைக் குறுக்குவதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். சட்டத்தை விடுங்கள், சில மேட்ச் பேரல்களில் மஸில் பக்கம் துளையை நூலிழை அளவு இறுக்கமாக வைத்திருப்பார்கள். வெட்டினால் காசு கொடுத்து வாங்கிய அந்த இறுக்கமே போய்விடும். மஸில் விளிம்பு ஒரு பக்கம் துளி கோணினாலும் குண்டுகள் ஓரிடத்தில் விழாமல் சிதறும்.

குட்டை பேரலுக்கு ஆதரவாக ஒன்று: ஒரே தடிமனில் 690-ஐவிட 500 இரண்டரை மடங்குக்கு மேல் விறைப்பானது. ஆனால் தோட்டா லாட் (ஒரே தொகுப்பாகத் தயாரித்த தோட்டாக்கள்) பேரலுக்குப் பொருந்தாவிட்டால் எந்த நீளமும் கைகொடுக்காது. பேரலுக்கு யோசிப்பதைப்போல லாட் டெஸ்டுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

திருச்சி:
நன்றி அண்ணா, எல்லோருக்கும். தங்கை ஐந்தடி உயரம், ஒல்லி. கிளப்பில் இரண்டு ரைஃபிளும் இருக்கின்றன, மேற்பார்வையில் சுடவிடுவார்கள்.

சென்னை:
அப்படியென்றால் என் ஓட்டு 500-க்குத்தான். இருந்தாலும் சுட்டுப் பார்க்கட்டும். ப்ரோனில் வேண்டாம், அங்கே எதுவும் நன்றாகத்தான் தோன்றும். அவளுடைய சொந்த ஜாக்கெட், ஷூ போட்டு ஸ்டாண்டிங்கில் இரண்டிலும் இருபது இருபது தோட்டா. முதல் பத்தை ஒதுக்கிவிட்டு, கடைசிப் பத்து கீழே இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.