மறுமொழி: ‘ஹீட்டட் புரொபகேட்டர்’ – வேர்க்கணப்பு சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். விதை முளைக்கவும் ஊன்றிய குச்சி வேர்விடவும் அடியிலிருந்து சூடு தரும் ‘ஹீட்டட் புரொபகேட்டர்’ கருவிக்குத் தமிழ்ப்பெயராக ‘வேர்க்கணப்பு’ என்று சொல்லியிருந்தேன். அதற்கு இங்கே வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘வெப்ப இனப்பெருக்கி’ அல்லது ‘வெப்ப நாற்றுப்பெட்டி’ என்று வைத்துவிடலாமே.

ஐயா, ‘இனப்பெருக்கி’யை முதலில் தள்ளிவிடலாம். செடி வளர்க்கும் எங்கள் பசுமைக்குடிலில் அந்தச் சொல்லைச் சொன்னால் நாள் முழுக்கச் சிரிப்பார்கள். ‘வெப்ப நாற்றுப்பெட்டி’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்கும் கருவி என்று நினைக்க வைக்கிறது. சூடு வேண்டியது, மண்ணுக்குப் பதிலாகக் குச்சியை ஊன்ற அடியில் இருக்கும் தென்னை நார்க்கழிவுக்கு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஓசூரில் மார்கழி இரவு எப்படிக் குளிரும் என்று இங்கே பலருக்குத் தெரியும். போன வருடம் ரோஜாக் குச்சிகளை ஊன்றி, குழித்தட்டுக்கு அடியில் சூடேறும் பாயை விரித்தேன். சூட்டை அளந்து பாயைத் தானே அணைத்து ஏற்றும் தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை நார்க்கழிவில் செருகாமல், குச்சிகளுக்கு மேலே தொங்கவிட்டுவிட்டேன். அது குளிர்காற்றை அளந்துகொண்டிருக்க, பாய் இரவெல்லாம் அணையவே இல்லை. மூன்றாம் நாள் ஒரு குச்சியை உருவினால் வெட்டுவாய் கறுத்து வழவழவென்று இருந்தது. நார்க்கழிவு 21 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை இருந்து, மேலே காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் குச்சி முதலில் வேர்விடும். மேலே சூடு மிஞ்சினால் மொட்டு முந்திக்கொள்ளும். வேரில்லாத தளிர் குச்சியில் இருக்கும் சத்தைத் தின்றுவிட்டு வாடும்.

ஆகவே சூடு எங்கே என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். ‘அடிச்சூடு’ என்று யோசித்தேன். அடியும் சூடும் சேர்ந்து பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைவூட்டுகின்றன. ‘வெதுப்பி’ என்றால் ஈழத்து நண்பர்கள் ரொட்டி கேட்பார்கள். அப்புறம்தான் குளிர்காய நெருப்பு இட்டு வைக்கும் கணப்புச் சட்டி நினைவுக்கு வந்தது. கணப்பு சமைக்கிற சூடு அல்ல, குளிருக்கு இதமான சூடு. எனவே வேர்க்கணப்பு. பாயாக இருந்தால் வேர்க்கணப்புப் பாய், மூடியோடு வந்தால் வேர்க்கணப்புப் பெட்டி.

> கணப்பு என்றால் நெருப்பு வேண்டாமா? விதைக்கு ஏது வேர்?

நெருப்பில்லாத மின்னடுப்பையும் அடுப்பு என்றுதானே சொல்கிறோம். விதையிலிருந்து முதலில் எட்டிப்பார்ப்பது முளைவேர்தான். குடைமிளகாய் விதையை ஈரத்துணியில் 25 டிகிரிக்கு மேல் வைத்துப் பாருங்கள், வெள்ளையாக அதுதான் வரும்.

தெர்மோஸ்டாட் அப்படியே இருக்கட்டும், எலக்ட்ரீஷியனுக்குப் புரிந்தால் சரி.

நேற்று குடிலில், “வேர்க்கணப்புப் பாயை விரிங்கக்கா” என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா விரித்துவிட்டு, “பேரு நீளமா இருக்கு, கணப்புன்னே சொல்லிக்கிறேன்” என்றார்.

ஓசூரிலிருந்து