பார்க்கர் ஹிட்: சைஃபர்காரரா, சிக்னல் அதிகாரியா?

குன்னூர் கணித ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்பில் வரிசை மாற்றங்கள் பாடம் நடத்தும்போது, வெறும் சூத்திரத்தோடு நின்றுவிடாமல் ஓர் உண்மையான பயன்பாட்டைக் காட்ட வேண்டும் என்று தேடியபோது, அமெரிக்கத் தரைப்படை அதிகாரி பார்க்கர் ஹிட் (1878–1971) 1914இல் வடிவமைத்த பட்டைச் சைஃபர் கருவி, அதாவது எழுத்துகளை மாற்றிச் செய்தியை மறைக்கும் கருவி, கண்ணில் பட்டது. இருபத்தைந்து பட்டைகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதே அதன் இரகசியம். அந்த வரிசைகளின் எண்ணிக்கை, 1-ஐ அடுத்து 25 சுழியங்கள் வரும் எண்ணைக் காட்டிலும் பெரியது என்று சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஆனால் அவருடைய வாழ்க்கையைப் படிக்கையில் எனக்கு ஒரு குழப்பம். ஓரிடத்தில் அவரை மறைகுறியீட்டு முன்னோடி என்கிறார்கள். இன்னோரிடத்தில் முதல் உலகப் போரில் பிரான்சில் தொலைபேசி, தந்தி வேலைகளைக் கவனித்த தலைமைச் சிக்னல் அதிகாரி என்கிறார்கள். ஒரே மனிதர் இரண்டு தொழில்களைப் பார்த்தாரா, அல்லது இரண்டும் ஒன்றேதானா? இந்தக் கருவியைத் தமிழ் எழுத்துக்கு ஏற்பச் செய்ய முடியுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வெலிங்டன்வாசி, ஓய்வுபெற்ற சிக்னல்காரர்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ஜபல்பூரில் பயிற்சி முடித்து இருபது ஆண்டுகளுக்கு மேல் லைன் வேலையும் வானொலி வேலையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டும் ஒன்றேதான். ஹிட்டின் வாழ்க்கையே அதற்குச் சான்று.

பர்டூ பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர், 1898இல் ஸ்பெயினுடன் போர் மூண்டதும் படிப்பை விட்டுப் படையில் சேர்ந்தார். அடிப்படையில் அவர் காலாட்படைக்காரர். ஃபோர்ட் லெவன்வொர்த்தில் இருந்த சிக்னல் பள்ளிக்குப் போன பிறகுதான் சைஃபர் அவரைப் பற்றிக்கொண்டது. மெக்சிகோவில் புரட்சி நடந்த ஆண்டுகளில், எல்லையில் பிடிபட்ட மெக்சிகோ தரப்புச் செய்திகளை உட்கார்ந்து உடைத்தார். அந்த அனுபவத்தைத் திரட்டி, இராணுவச் சைஃபர்களை உடைக்கும் முறை பற்றி 1916இல் ஒரு கையேடு எழுதினார். அமெரிக்காவில் அத்துறையில் வெளியான முதல் நூல் அது. அடுத்த ஆண்டே அந்நாடு உலகப் போரில் இறங்கியபோது, புதிதாக வந்த அதிகாரிகள் அதைப் படித்தே தொழில் கற்றார்கள். தெரியாத சைஃபரை உடைக்க வேண்டியவை விடாமுயற்சி, கவனமான பகுப்பாய்வு, உள்ளுணர்வு, அதிர்ஷ்டம் என்று இந்த வரிசையிலேயே அதில் சொல்கிறார். விடாமுயற்சியை முதலில் வைத்ததற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் போரில் முன்னணிப் பகுதிகளில் பல இடங்களில் ஒற்றைக் கம்பி போட்டு, மண்ணையே திரும்பு பாதையாகப் பயன்படுத்தினார்கள். கம்பியில் ஓடிய மின்சாரம் மண்ணில் கசிந்தது. எதிரி தன் பதுங்குகுழிக்கு முன்னால் தரையில் முளை அடித்து, கசிவைப் பெரிதாக்கும் கருவி வைத்து, பேச்சை ஒட்டுக்கேட்டான். அங்கே லைன் போடுகிறவனுக்குச் சைஃபர் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அதேபோல், சைஃபர் எழுதுகிறவனுக்கு லைனின் நிலைமை தெரியாவிட்டால், மழையில் நனைந்தபடி, கை நடுங்க, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் சிப்பாயால் செய்ய முடியாத கணக்கை அவன் தலையில் கட்டிவிடுவான். அப்படிக் கட்டினால் சிப்பாய் பொறுமை இழந்து வெளிப்படையாகவே பேசிவிடுவான். ஹிட்டின் கருவி எளிமையாக இருந்ததற்குக் காரணம் அவருக்கு அந்தச் சிப்பாயைத் தெரிந்திருந்ததுதான். 1918இல் அமெரிக்காவின் முதலாம் படையின் தலைமைச் சிக்னல் அதிகாரியாக அவர் அமர்ந்தபோது, செய்தியை மறைப்பதும் கொண்டு சேர்ப்பதும் ஒரே மேசைக்கு வந்தன.

நம் மலையில் ஐப்பசி மழையில் கற்பூர மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், மூடுபனியில் கம்பியைக் கையால் தடவிக்கொண்டே போய் அறுந்த முனையைத் தேடிய இரவுகள் எனக்கு உண்டு. அந்த முனை கிடைக்கும்வரை எந்தச் சைஃபருக்கும் வேலை இல்லை.

கோத்தகிரி வாசகி:

சிக்னல்கார ஐயா அழகாகச் சொன்னார். நான் பல ஆண்டுகள் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் பணியாற்றியவள். ஆகையால் விட்டுப்போன ஒரு பகுதியைச் சேர்க்கிறேன்.

ஹிட் 1911இல் மணந்த ஜெனிவீவ் யங், கணவரோடு சேர்ந்தே இந்தக் கலையைக் கற்றார். ஹிட் பிரான்சுக்குப் போன பிறகு, டெக்சாஸில் உள்ள ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் குறியீட்டுப் பணியின் பொறுப்பை அவர் ஏற்று, இரகசியச் செய்திகளைக் குறியீட்டில் மாற்றவும் பிரிக்கவும் செய்தார். அமெரிக்க அரசுக்காகப் பணியாற்றிய முதல் பெண் மறைகுறியீட்டாளர் என்று இன்று அவரைக் கருதுகிறார்கள். கணவரின் பெயரோடு ஒட்டிய அடிக்குறிப்பாக அவரை எழுதுவது நியாயமில்லை.

பிரான்சில் சிக்னல் பிரிவுக்காக இருநூறுக்கும் மேற்பட்ட பெண் தொலைபேசி இயக்குநர்கள் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசி இணைப்புக் கொடுத்தார்கள். கிரேஸ் பேங்கர் தலைமையில் சிலர், ஹிட் பொறுப்பில் இருந்த முதலாம் படையின் தலைமையிடத்துக்கே போனார்கள். பெண்கள் போர்முனைக்கு அருகில் பணியாற்ற வேண்டும் என்பதில் ஹிட் உறுதியாக நின்றவர். 1918 அக்டோபர் இறுதியில் அவர்கள் இருந்த மரக் கொட்டகைகளில் தீப்பிடித்தபோது, வெளியேறும்படி கட்டளை வரும்வரை தொலைபேசி இணைப்புப் பலகையை விட்டு அவர்கள் எழவில்லை. ஆனாலும் நீங்கள் படைவீரர்கள் அல்லர் என்று அரசு சொல்லிவிட்டது. அந்த உரிமை 1977இல்தான் கிடைத்தது. அதற்குள் பெரும்பாலோர் மறைந்துவிட்டார்கள்.

பலகையில் உட்கார்ந்தவளுக்குத் தெரியும்: அவசர அழைப்பு வரும்போது குரலிலேயே பதற்றம் தெரியும், நாம் பதறினால் ஒரு செருகியைத் தவறான துளையில் குத்திவிடுவோம். ஒருமுறை எனக்கே அது நேர்ந்து, மருத்துவரை அழைத்தவருக்கு ஒரு தேயிலைக் கிடங்கின் இணைப்பைக் கொடுத்துவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது. குண்டுச் சத்தத்துக்கு நடுவே பிழையில்லாமல் அதைச் செய்தவர்களை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

ஊட்டி அச்சகத்தார்:

கருவியைத் தமிழில் செய்வது பற்றி. 247 எழுத்தையும் பட்டையில் ஏற்றாதீர்கள்; பட்டை முழ நீளம் போகும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 போதும். "குன்னூர்" என்பதை க், உ, ன், ன், ஊ, ர் என்று பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் 31 எழுத்தையும் வெவ்வேறு வரிசையில் கலைத்து, அதே வரிசையை அதன் கீழே மீண்டும் ஒருமுறை அச்சிடுங்கள். இருமுறை இருந்தால்தான் பட்டையை மேலும் கீழும் நகர்த்தும்போது எந்த வரியும் காலியாக நிற்காது. பட்டைகளைச் சட்டத்தில் செருகி, ஒரு குறுக்கு வரியில் செய்தி தெரியும்படி நகர்த்துங்கள். பிறகு வேறு எந்த வரியை வேண்டுமானாலும் படித்து அனுப்பலாம். பெறுகிறவர் அதே வரிசையில் பட்டைகளை அடுக்கி, வந்த எழுத்துகளை ஒரு வரியில் நிறுத்தி, மற்ற வரிகளைப் பார்த்தால் பொருள் தரும் வரி ஒன்றே ஒன்று கண்ணில் படும்.

ஹிட்டின் பட்டைகளை ஜோசப் மாபோர்ன் என்ற சக அதிகாரி வட்டத் தகடுகளாக மாற்ற, அது 1922இல் எம்-94 என்ற பெயரில் படைக்கு வந்தது. அலுமினியத்தில் ஓர் அச்சாணியில் கோத்த 25 தகடுகள். இரண்டாம் உலகப் போரில் பட்டை வடிவமே எம்-138-ஏ என்று திரும்பி வந்தது. பின்னாளில் ஹிட் தனியார் நிறுவனத்துக்காகச் செய்த சைஃபர் இயந்திரம் ஒன்றை இராணுவ நிபுணர்கள் விரைவிலேயே உடைத்தார்கள் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அது அவர் பெயரைக் குறைக்காது.

குன்னூர் கணித ஆசிரியர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அட்டையில் பத்துப் பட்டைகள் வெட்டி நேற்று வகுப்பில் முயன்றோம். ஒரு மாணவி உடனே கேட்டாள்: "பட்டைகளை அடுக்கும் வரிசையை எதிர்முனைக்கு எப்படிச் சொல்வது? அதையும் அதே கம்பியில் சொன்னால் ஒட்டுக்கேட்பவருக்கும் தெரிந்துவிடுமே?" எனக்குச் சட்டென்று விடை வரவில்லை.

வெலிங்டன்வாசி, ஓய்வுபெற்ற சிக்னல்காரர்:

அந்தப் பிள்ளை சிக்னல் பிரிவுக்கு வர வேண்டியவள். வரிசையைக் கம்பியில் சொல்லக் கூடாது. முன்கூட்டியே ஆள் மூலம், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். குறித்த நாளில் மாற்றுவார்கள். பழைய தாளைச் சாட்சி வைத்து எரிப்பார்கள். அடுத்த வாரம் நான் குன்னூர் வருகிறேன்; பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து வைத்திருங்கள், தூதராக ஒருவரையும் தேர்ந்தெடுத்து வையுங்கள்.