எட்டே நாளில் 0.42 வோல்ட் 0.16 ஆகிவிட்டது: நானே செய்த சவ்வு கெட்டுவிட்டதா?

சேற்றுமின்சாரம்:
வணக்கம். எம்எஸ்சி ப்ராஜெக்டுக்காக இரண்டு அறை நுண்ணுயிர் எரிகலம் (பாக்டீரியா மூலம் மின்சாரம் எடுக்கும் கலம்) ஓட்டுகிறேன். இரண்டு அறைக்கும் நடுவே வைக்கும் நேஃபியான் சவ்வு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. அதனால் பீக் பாலிமரை அடர் கந்தக அமிலத்தில் சல்ஃபோனேற்றம் செய்து (நேர் அயனியைக் கடத்தும் சல்ஃபோனேட் தொகுதிகளை ஏற்றி), கண்ணாடித் தட்டில் ஊற்றிச் சவ்வு எடுத்தேன். தடிமன் 80 மைக்ரான், சல்ஃபோனேற்ற அளவு சுமார் 65 சதவீதம். புரோட்டான் கடத்துதிறன் நன்றாகவே வந்தது.

ஆனோடில் சாக்கடைச் சேறும் சோடியம் அசிடேட்டும். கேத்தோடில் காற்று ஊதும் உப்புத் தண்ணீர். 1000 ஓம் தடையில் 0.42 வோல்ட் காட்டியது, எட்டே நாளில் 0.16. சல்ஃபோனேற்றத்தை 85க்கு ஏற்றட்டுமா?

லேப்வாசி:
ஆனோடு பக்கம் பிசுக்குப் படிந்திருக்கும். மெதுவாகத் துடைத்துப் பாருங்கள்.

சேற்றுமின்சாரம்:
துடைத்தேன், 0.17 தான். அப்புறம் 0.5 மோலார் கந்தக அமிலத்தில் ஊறவைத்து, கழுவிப் போட்டேன். ஒரு நாள் ஏறியது, மறுபடி இறங்கிவிட்டது.

பழைய எரிகலம்:
அந்த ஒரு நாள் ஏற்றத்திலேயே விடை இருக்கிறது தம்பி. இரண்டு அறையிலும் பிஎச் எவ்வளவு?

சேற்றுமின்சாரம்:
ஆனோடு 5.6, கேத்தோடு 9.8 சார். இதுவரை அளக்கவே இல்லை.

பழைய எரிகலம்:
சவ்வு கெடவில்லை. கம்பி வழியே ஓர் எலக்ட்ரான் போனால், சவ்வு வழியே ஒரு நேர் அயனி கடக்க வேண்டும். அது புரோட்டானாக இருந்தால்தான் நமக்கு நல்லது, ஆனால் சல்ஃபோனேட் தொகுதிக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. பிஎச் 7இல் புரோட்டான் லிட்டருக்கு 10⁻⁷ மோல் மட்டுமே. சோடியம் அதைவிட லட்சம் மடங்குக்கும் மேல். கூட்டத்தில் யார் அதிகமோ அவர்தான் கதவைத் தாண்டுவார். அமிலத்தில் ஊறவைத்துச் சோடியத்தை விரட்டினீர்கள், கலத்துக்குள் போனதும் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

புரோட்டான் ஆனோடிலேயே தங்கி அமிலமாகிறது. கேத்தோடில் ஹைட்ராக்சைடு சேர்கிறது. ஒரு பிஎச் வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் இழப்பு. உங்களுக்கு 4.2 × 59, அதாவது 248. இறங்கியது 260! மிச்சத்துக்கு வேண்டுமானால் பிசுக்கைத் திட்டிக்கொள்ளலாம். நேஃபியான் போட்டாலும் இதே கதைதான். இரண்டு பக்கமும் 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர் (பிஎச்சை அதிகம் மாறவிடாத கரைசல்) வையுங்கள்.

லேப்வாசி:
சரி, என் ஊகம் தப்பு. ஆனால் 85 மட்டும் வேண்டாம். அந்த அளவில் சவ்வு தண்ணீர் குடித்து ஊதி, ஜெல்லி மாதிரி ஆகிவிடும், கிளாம்பில் நிற்காது. எனக்கு நடந்தது.

சேற்றுமின்சாரம்:
பஃபர் மாற்றி ஆறு நாள் ஆகிறது: 0.39 வோல்ட், பிஎச் 6.8, 7.3. சவ்வை உப்புத் தண்ணீரில் ஒரு நாள் போட்டுக் கடத்துதிறனும் அளந்தேன். அமில வடிவத்தில் (சோடியம் ஏறாதபோது) வந்ததில் பாதிகூட இல்லை. அறிக்கையில் எந்த எண்ணைப் போடுவது?

பழைய எரிகலம்:
இரண்டையும் போடுங்கள். கலத்துக்குள் வேலை செய்வது இரண்டாவதுதான்.