புவர்த்தோ எஸ்கொந்தீதோ போகிறோம், அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

டிசம்பரில் அம்மாவுடன் மெக்சிகோவின் ஓவாகா மாநிலக் கடற்கரை ஊரான புவர்த்தோ எஸ்கொந்தீதோவில் ஐந்து நாள் தங்கப்போகிறோம், போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

அம்மா சுத்த சைவம். த்லாயூதா சாப்பிட அவருக்கு ரொம்ப ஆசை, ஆனால் அந்தப் பெரிய மொறுமொறு சோள ரொட்டியில் முதலில் பன்றிக் கொழுப்பைத் தடவிவிட்டுத்தான் அரைத்த கறுப்பு பீன்ஸையும் நூல் நூலாகப் பிரியும் ஓவாகா சீஸையும் வைப்பார்கள். "சின் அசியெந்தோ" (அந்தக் கொழுப்பு இல்லாமல்) என்று கேட்டால் மேலே தடவுவதை விட்டுவிடுவார்கள், சரி, பீன்ஸிலேயே கொழுப்பு இருந்தால்? நம்பிச் சாப்பிடக்கூடிய கடை ஏதாவது தெரியுமா? எனக்கு மீன் டாக்கோ போதும்.

சிகாதேலா கடற்கரையின் ராட்சத அலை, சர்ஃபிங் தெரிந்தவர்களுக்குத்தான், நாங்கள் கரையில் உட்கார்ந்து பார்ப்போம். கர்ரிசாலியோ கடற்கரையில் குளிக்கலாம், ஆனால் 150க்கும் மேல் படி இறங்கி ஏற வேண்டும், அம்மாவின் முழங்கால் தாங்காது. படி இல்லாமல் அலை அடங்கிய இடம் எது?

அப்புறம் மனியால்தெபெக் காயலில் கையை விட்டு அளைந்தால் தண்ணீர் நீலமாக ஒளிருமே, அதற்கு அமாவாசையை ஒட்டித்தான் போக வேண்டுமா? பகோச்சோ கடற்கரையில் மாலையில் ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடுவதை அம்மாவுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும், எத்தனை மணிக்குப் போனால் சரியாக இருக்கும்?